பிரின்ஸ் யாருக்கெல்லாம் முடிந்தது? பழைய கணினி விளையாட்டு அனுபவங்கள்

நெல்லைக்காரன்:

பழைய கேம் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் கிராபிக்ஸ், மியூசிக் என்று போய்விடுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தக் காலத்தில் நம்மில் யாரிடமும் கேமோடு வரும் கையேடு இருந்ததில்லை. அட்டைப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்கூட அபூர்வம். யாரோ ஃபிளாப்பியில் காப்பி போட்டதை இன்னொருத்தர் காப்பி போட்டு, அது நம் கைக்கு வந்தது. எந்த பட்டன் எதற்கு, எங்கே நின்றால் என்ன நடக்கும் என்பதெல்லாம் வாய்வழிச் செய்திதான். உங்களுக்கு யார் சொன்னார்கள், அதில் எது நிஜம், எது புருடா? அதை எழுதுங்களேன்.

நானே ஆரம்பித்து வைக்கிறேன். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989-ல் வந்தது. நாம் ஆடியது மறு வருஷம் பிசிக்கு வந்த டாஸ் பதிப்பு. எங்கள் ஊரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர் பின்னறையில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூசி பட்டால் வைரஸ் வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மாலை பேசிக் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கேம் ஆட விடுவார்.

இளவரசியைக் காப்பாற்ற 60 நிமிடம். செத்தால் லெவல் முதலிலிருந்து வரும், ஆனால் கடிகாரம் நிற்காது. எங்கள் காப்பியில் முதல் லெவல் தாண்டியதும் ஓர் அறை வரும். வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கீழே எழுதியிருக்கும். திருட்டு காப்பியைத் தடுக்க வைத்த பூட்டு அது. நமக்குக் கையேடு ஏது? அது பூட்டு என்பதே எங்களுக்குத் தெரியாது, கதையில் வரும் விடுகதை என்றுதான் நினைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குடிப்போம். தப்பான குப்பி என்றால் பிரின்ஸுக்கு உயிர் குறையும். ஒரு பையன் அந்த அறைக்கு வந்ததும் விபூதி வைத்துக்கொள்வான்.

வாய்வழி வந்ததில் உருப்படியானது ஒன்று உண்டு. முள் மேல் ஓடினால் குத்திக் கிழித்துவிடும், ஷிப்டை அழுத்திக்கொண்டு அடி அடியாக நடந்தால் ஒன்றும் செய்யாது. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு மாமா சொல்லிக் கொடுத்தது. அவர் அதுவரை கேம் ஆடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை!

பழைய லேப் அசிஸ்டென்ட்:

தம்பி, நான் கேமை அழிக்கிற பக்கத்து ஆள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கல்லூரி லேபில் வேலை. கேம் இருந்தால் அழிக்கச் சொல்லி உத்தரவு. பசங்கள் பிரின்ஸை பேரோல், அதாவது சம்பளப் பட்டியல், என்ற ஃபோல்டரில் ஒளித்து வைப்பார்கள். எனக்குத் தெரியும். பரீட்சை நெருங்கினால் மட்டும் அழிப்பேன், முடிந்ததும் எங்கிருந்தோ திரும்ப முளைத்துவிடும்.

மெகாஹிட் சமாச்சாரத்தை யாரும் சொல்லவில்லையே. டாஸில் பிரின்ஸ் என்று அடித்து ஓர் இடம் விட்டு மெகாஹிட் என்று சேர்த்து அடித்தால் சீட், அதாவது ஏமாற்றுக் குறுக்குவழி, வேலை செய்யும். அப்புறம் ஷிப்டும் எல்லும் அழுத்தினால் அடுத்த லெவல். அதே கேமின் இன்னொரு பதிப்பில் மெகாஹிட் எடுபடாது, இம்ப்ரூவ்ட் என்று அடிக்க வேண்டும். இது தெரியாமல் இரண்டு செட் பசங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. நீ பொய் சொல்கிறாய், நீதான் பொய் என்று. ரெண்டு பேரிடமும் இருந்தது வேறு வேறு ஃபிளாப்பி, அவ்வளவுதான்.

எட்டாவது லெவலில் ஓர் இடம் உண்டு. வெளியே போகும் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால் கம்பிக் கதவு விழுந்து பிரின்ஸ் மாட்டிக்கொள்வான். செய்ய ஒன்றும் இல்லை. சும்மா நிற்க வேண்டும். நின்றால் வெள்ளை எலி ஒன்று ஓடி வந்து பட்டனை மிதித்துக் கதவைத் திறந்துவிட்டுப் போகும், இளவரசி அனுப்பியது. எங்கள் லேபில் அந்த எலியைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்று ரீசெட்டை அமுக்கிவிடுவார்கள். "சார், எட்டோட கேம் முடிஞ்சிடுச்சு சார்" என்று என்னிடம் சொன்னவன் இன்றைக்கு பெங்களூரில் பெரிய சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான்.

சேலம் வாசகர்:

மெகாஹிட் இல்லாமலே ஷிப்ட்-எல் வேலை செய்யும் அண்ணே, ஆனால் நான்காவது லெவல் வரைக்கும்தான். அப்படித் தாவினால் பாக்கி நேரத்தை 15 நிமிடமாக வெட்டிவிடும். குறுக்குவழிக்கு அபராதம்.

கோவை +1 பேட்ச்:

பெண்கள் பள்ளி லேபில் பிரின்ஸ் இல்லை, டேஞ்சரஸ் டேவ் என்ற கேம் மட்டும்தான். சிவப்புத் தொப்பி போட்ட குட்டி ஆள், வைரம் பொறுக்கி, தங்கக் கோப்பையை எடுத்தால் கதவு வழியாகப் போகச் சொல்லிக் கீழே எழுத்து ஓடும். எங்கள் மிஸ் அல்காரிதம் எழுதச் சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போகும் நேரம்தான் எங்களுக்கு விளையாட்டு நேரம்.

ஜெட்பேக் எடுத்துவிடுவோம், ஆனால் அதை வைத்துப் பறப்பது எப்படி என்று வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது. அம்புக்குறியைக் குத்து குத்தென்று குத்துவோம், டேவ் சும்மா குதிப்பான். ஒரு நாள் மிஸ் வருகிற சத்தம் கேட்டு ஒரு தோழி பதறி கீபோர்டு மேல் நோட்டைப் போட்டாள். டேவ் ஜிவ்வென்று மேலே போனான். நோட்டின் முனை ஆல்ட் மேல் விழுந்திருந்தது. அதற்கப்புறம் ஆல்ட் என்ற பட்டனுக்கு எங்கள் வகுப்பில் "பறக்கும் பட்டன்" என்றுதான் பெயர். கன்ட்ரோல் சுடுவதற்கு என்று அடுத்த வாரமே கண்டுபிடித்தோம், எல்லா பட்டனையும் வரிசையாக அமுக்கிப் பார்த்து.

டேவ் ஆடியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவன் திரையின் ஓரத்துக்குப் போனதும் ஆட்டம் ஒரு கணம் நின்றுவிடும், திரை முழுசும் நகர்ந்து அடுத்த பகுதி வரும், பிறகுதான் நாம் நகரலாம். எங்கள் லேப் ஓட்டை கம்ப்யூட்டர் என்பதால் இப்படி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கன்சோலில் மரியோ ஓடுகிற மாதிரி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும் திரை அன்றைய பிசிக்கு எட்டாக்கனி. டேவை எழுதியவர் ஜான் ரொமேரோ, 1988-ல் ஃபிளாப்பியில் வெளிவந்த ஒரு வட்டுப் பத்திரிகைக்காக. பிறகு சாஃப்ட்டிஸ்க் என்ற கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த ஜான் கார்மாக், திரையில் மாறிய கட்டங்களை மட்டும் திரும்ப வரையும் தந்திரத்தைக் கண்டுபிடித்தார். 1990 செப்டம்பரில் ஒரு ராத்திரி அவரும் டாம் ஹாலும் உட்கார்ந்து சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-ன் முதல் லெவலை அப்படியே பிசியில் செய்து, மரியோ இடத்தில் நம்ம டேவை நிறுத்தி, ரொமேரோ மேஜையில் ஃபிளாப்பியை வைத்துவிட்டுப் போனார்கள். "காப்புரிமை மீறலில் டேவ்" என்று அதற்குக் குறும்பாகப் பெயர் வேறு. காலையில் வந்து அதைப் பார்த்த ரொமேரோவுக்கு அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை. அந்தக் கூட்டம்தான் 1991 பிப்ரவரியில் ஐடி சாஃப்ட்வேர் தொடங்கி, 1993 டிசம்பரில் டூம் என்ற சுடும் விளையாட்டைக் கொண்டுவந்தது. டூமுக்கு உலகமே கொடி பிடிக்கிறது, டேவுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

மாம்பலம்:

பிரின்ஸ் முழுசா முடித்த ஆள் நான். சீட் போடாமல். நம்பாதவர்கள் நம்பாதபடியே இருக்கலாம்.

நான்காவது லெவலில் கண்ணாடி ஒன்று வழியை மறிக்கும். ஓடிவந்து அதன் ஊடாகத் தாவ வேண்டும். தாவினால் கண்ணாடியிலிருந்து நம்மைப் போலவே ஒரு நிழல் ஆள் எதிர்ப்பக்கம் ஓடிப் போவான். போனவன் சும்மா இருக்க மாட்டான். பின்னால் ஒரு லெவலில் நாம் குடிக்க இருக்கும் மருந்தை அவன் குடித்துவிடுவான், ஆறில் கதவைச் சாத்தி நம்மைக் கீழே விழவைப்பான். பன்னிரண்டில் கோபுரத்தின் உச்சியில் வாளோடு எதிரே வந்து நிற்பான்.

இங்கேதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது. அவனை ஒரு வெட்டு வெட்டினால் நமக்கும் ஓர் உயிர் குறையும். கொன்றால் நாமும் செத்தோம். என் அண்ணன் ஆத்திரத்தில் வெட்டிக்கொண்டே இருப்பான், ரெண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். எங்கள் ஃபிளாட்டில் மேல்மாடியில் ஒரு தாத்தா, ரிட்டயர்டு தமிழாசிரியர், பேப்பர் வாங்க வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்ப்பா, கத்தியை உள்ள வைக்க முடியாதா?" என்றார். கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். பிரின்ஸ் வாளை உறையில் போட்டான். எதிரே அவனும் போட்டான். அப்படியே நடந்து போனால் ரெண்டு பேரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அதற்கப்புறம் இன்னொரு கண்டம். முன்னால் தரையே இல்லை, பெரிய பள்ளம். தைரியமாக ஓடினால் கால் வைக்கிற இடத்தில் தரை தோன்றிக்கொண்டே வரும்.

தாத்தாவிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "உன்னையே நீ வெட்டிக்கிட்டா ரத்தம் வராதா?" என்று சொல்லிவிட்டு பேப்பரோடு போய்விட்டார்.

நெல்லைக்காரன்:

ஐயோ, அந்தத் தாத்தா எங்கள் ஊரில் இருந்திருக்கக் கூடாதா. பிரின்ஸ் அவ்வளவு இயல்பாக ஓடுவதற்குக் காரணம், மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் படம் படமாகப் பார்த்து வரைந்தது. தம்பி வெள்ளை உடையில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் குதித்த குதிதான் நாம் லேபில் பார்த்தது. வாள் சண்டை 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்திலிருந்து எடுத்தது. அந்த ஆப்பிள் 2 மூல நிரல் தொலைந்துவிட்டது என்று இருந்து, 2012-ல் அவர் அப்பா வீட்டு அலமாரியில் ஃபிளாப்பியாகக் கிடைத்தது. இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

வெள்ளவத்தை:

நான் யாழ்ப்பாணம். 90க்குப் பிறகு எங்களுக்குக் கரண்டே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள், இதுக்குள்ள கேம் எங்க? பிறகு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில நிக்கேக்கதான் கொம்பியூட்டரைக் கிட்டத்தில கண்டனான். மச்சான் வீட்டில ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இருந்தது, 1997இல வந்த முதலாவது.

அதில பூசாரி ஒருத்தர் தடியை ஆட்டி "வொலோலோ" எண்டு பாடினா எங்கட சண்டைக்காரன் நிறம் மாறி மற்றப் பக்கம் போயிடுவான். அதால பூசாரியைக் கண்டா எல்லாத்தையும் விட்டிட்டு அவரைத்தான் முதல்ல அடிக்கிறது. அம்மம்மா பக்கத்தில இருந்து பாத்திட்டு, "பாவம், ஐயரை ஏன்ரா அடிக்கிறியள்" எண்டு கேட்டவ. பிக்டாடி எண்டு எழுதினா ரொக்கெட் பூட்டின கார் வரும். கிறிஸ்துவுக்கு முந்தின ஊருக்குள்ள கார்! அந்தச் சொல்லை ஒரு பெடியன் எங்களுக்கு ரெண்டு தின்னுற ரோல்ஸுக்கு வித்தவன்.

மதுரை:

எங்களுக்கு ஐஜிஐ என்ற துப்பாக்கி விளையாட்டு. 2000 கடைசியில் வந்தது, நார்வேக்காரர்கள் செய்தது. அதில் மிஷன் நடுவில் சேவ் கிடையாது. கடைசிக் கதவுக்கு முன்னால் ஒருத்தன் முதுகில் சுட்டால் திரும்ப வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். இதை மின்வெட்டுக் காலத்தில் ஆடிப் பார்த்தவனுக்குத்தான் வலி தெரியும். தெருவில் மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது, வந்த நேரத்தில் உட்கார்ந்தால் முக்கால்வாசி மிஷனில் ஃபேன் சத்தம் அடங்கும். எதிரியின் காமிராவில் மாட்டாமல் தவழ்ந்து போய் மின்வாரியத்திடம் மாட்டிக்கொள்வோம்.

சேலம் வாசகர்:

வெள்ளவத்தை அண்ணை, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ இப்போது எடுத்துப் பாருங்கள். 2022-ல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்று தனி நாகரிகமே வைத்திருக்கிறார்கள். உருமி என்ற சுருள் வாளை வீசும் வீரன், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்பு. மரம் வெட்டுகிறவன் தமிழில் பதில் சொல்கிறான். முதல் தடவை கேட்டபோது அடுப்படியில் இருந்த என் மனைவி, யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். குதிரைப்படைதான் மட்டம். சோழனுக்குக் கப்பல் போதும் என்று விட்டுவிட்டார்கள் போல.

கோவை +1 பேட்ச்:

புருடா பக்கம் யாரும் வரவில்லையே. ரோட் ராஷ் பைக் ரேஸில் எதிராளி கட்டையை ஓங்கும்போது சரியான நேரத்தில் கை நீட்டினால் கட்டையைப் பிடுங்கலாம், அது நிஜம், நானே பிடுங்கியிருக்கிறேன். போலீஸ்காரரை உதைத்துத் தள்ளிவிட்டு அவர் பைக்கிலேயே ஏறிப் போகலாம் என்று பெரியப்பா மகன் சொன்னானே, அது?

மாம்பலம்:

புருடா. எவ்வளவு உதைத்தாலும் நாம் விழுந்தால் நம் பைக்கைத் தேடித்தான் ஓட வேண்டும்.

கோவை +1 பேட்ச்:

இப்போது போன் போட்டுக் கேட்டேன். ஏறி ஓட்டியதாகத்தான் இன்னும் சொல்கிறான்.