அலையாத்தி ஆய்வில் இன்னும் உறுத்தும் ஒரு நாள்: அனுபவப் பகிர்வு

கழிமுகத்தான்:

நட்ட அலையாத்தி (கழிமுகச் சேற்றில், உப்புநீரில் வளரும் மரங்கள்) நாற்றுகளில் எத்தனை பிழைத்தன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயல். முத்துப்பேட்டைப் பக்கம், திறந்த சேற்றுத்திட்டு ஒன்றில் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் முளைகளை வரிசையாக ஊன்றி, ஒவ்வொன்றின் அருகிலும் மூங்கில் குச்சி நட்டு, என் கையால் எண் பொறித்த அலுமினியத் தகட்டைக் கட்டினோம். ஆறாம் மாதம் எண்ணியபோது பெரும்பாலானவை பச்சையாக நின்றன. அந்த விழுக்காட்டை எழுதினேன், பட்டமும் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அதே வழியில் படகில் போனபோது, குச்சிகள் மட்டும் நிற்பதைக் கண்டு இறங்கினேன். கொட்டலசு (கடலில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) அப்பிக் கிடந்த ஒரு குச்சியில் தகடு இன்னும் தொங்கியது. விரலால் தேய்த்தால் 214 என்று என் கையெழுத்து தெரிந்தது. அருகில் செடி இல்லை. அந்த வரிசையிலேயே ஒன்றும் இல்லை. ஆய்வேட்டில் 214 உயிரோடு இருக்கிறது.

உப்பளத்தான்:

கழிமுகத்தான் தம்மை நொந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கையை எந்த மாதத்தில் எடுப்பது என்பதை மாணவர் முடிவு செய்வதில்லை, திட்டத்தின் நிதிக்காலம் முடிவு செய்கிறது. அது மட்டுமன்று, நடுவதை மீட்பு என்று நினைப்பதே முதல் கோளாறு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் வெயில் பட்டுத் தரை தாழ்ந்து தொட்டி போலாகி, உள்ளே வந்த ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வரும் நீர்) வெளியேற வழியின்றி வற்றி, உப்பு ஏறியதால்தான் காடு திரும்பவில்லை. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தைத் திறந்துவிட்டன.

நான் பணிபுரிந்த இடம் வேறு, பெயர் வேண்டாம். ஒரு மே மாதம், இன்னும் வாய்க்கால் வெட்டாத தொட்டி ஒன்றில் தேங்கிய நீரில் ஒரு துளியை உப்புமானியில் விட்டு வெயிலை நோக்கிப் பிடித்தேன். ஆயிரம் பங்கில் உப்பு எத்தனை பங்கு என்று காட்டும் அதன் அளவுகோல் 100இல் முடிகிறது, நிழல்கோடோ அதையும் தாண்டிக் காணாமற்போயிருந்தது. கடல்நீர் 35தான். வாய்க்கால் வெட்டிய பின் வந்த முதல் வளர்பிறை ஓதத்தில் அதே தொட்டிக்குள் நீர் கணுக்கால் அளவு ஓடி வந்ததையும், அதனுடன் இறால் குஞ்சுகள் வந்ததையும் பார்த்தேன். மூன்றாண்டில் வாய்க்கால் தூர்ந்தது. தூர்வார நிதி கேட்டபோது, திட்டம் வெற்றியாக முடிந்துவிட்டதாக அறிக்கை இருப்பதால் மறுபடி நிதி கேட்க இயலாது என்றார்கள். அந்த அறிக்கையை எழுதியவன் நான்.

பரங்கிக்கரை:

எனக்கு உறுத்துவது வாய்க்காலும் அன்று, நாற்றும் அன்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கடற்கரையில் கணக்கெடுப்புக்குச் சென்ற மாணவர்களில் நானும் ஒருத்தி. குடியிருப்பு கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம், முன்னால் மரங்கள் உண்டா, எத்தனை பேர் இறந்தார்கள் என நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும். காட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் ஊரில் வீடுகளுக்குச் சேதமே இல்லை. ஓர் அம்மாளிடம் இறப்பு உண்டா என்று கேட்டேன். "எம் மவன் போயிட்டான் பாப்பா, ஆனா இங்க போகல. ஞாயித்துக்கெழமைன்னு மீன் எடுக்கக் கடக்கரைக்குப் போனான். நீ எந்த ஊர்க் கணக்குல எழுதப் போற?" என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவர் ஊரின் கட்டத்தில் 1 என்று எழுதினேன்.

அலையாத்திக் காடு சுனாமியின் சேதத்தைத் தணித்தது என்று கதிரேசனும் ராஜேந்திரனும் 18 மீனவக் குடியிருப்புகளை வைத்து 2005இல் எழுதிய கட்டுரையையும், தொலைவையும் உயரத்தையும் கழித்துவிட்டால் மரங்களின் பங்கு என்று தனியே சொல்ல அதிகம் மிஞ்சாது என்று கெர், பேர்ட், காம்பெல் ஆகியோர் 2006இல் எழுதிய மறுப்பையும் இங்கு எல்லோரும் படித்திருப்பீர்கள். இரண்டையும் நானும் பாடமாக நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் நினைவுக்கு வருவது என் படிவத்தின் அந்த 1தான். இறந்தவர் அலை வந்த நேரத்தில் எங்கே நின்றார் என்று கேட்காமல் எந்த ஊர்க்காரர் என்று மட்டும் கேட்டுவிட்டு, அப்புறம் எந்தக் கணிதத்தைப் போட்டு என்ன?

களப்புக்கரை:

நான் மட்டக்களப்பு. எங்கள் பக்கம் அலையாத்தியைக் கண்டல் என்போம். சுனாமிக்குப் பிறகு கண்டல் நடுகை எங்கள் நாட்டில் திருவிழா போல நடந்தது. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கட்டுரையின்படி, நட்ட ஆயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் ஐந்தில் ஒரு பங்களவே தப்பியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நான் உதவி விரிவுரையாளராக மாணவர்களை அழைத்துச் சென்ற களப்பு (கடலேரி) ஓரத்தில், ஒரே சேற்றில் மூன்று அமைப்புகளின் பெயர்ப்பலகைகள் நின்றன. மூன்றாவது பலகைக்கு நாங்கள் குழி தோண்டியபோது இரண்டாவது நடுகையின் பொலித்தீன் பைகள் மண்வெட்டியில் சிக்கி வந்தன. அவற்றை ஓரமாகக் குவித்துவிட்டு நடச் சொன்னேன், படம் எடுப்பவர்கள் காத்திருந்தார்கள்.

தில்லைவனம்:

என் அனுபவம் சிறிது. கிளை ஒதுக்கும்போது தில்லை மரத்தின் பால் கண்ணில் தெறித்து, இரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் கிடந்தேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வைத்தவர்கள் எத்தனை பேர் அந்தப் பாலைப் பட்டிருப்பார்களோ.

இத்துறைக்கு வர நினைக்கும் இளையோருக்குச் சில சொல்கிறேன். முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் வாங்காதீர்கள்; சேறு அதைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் விடும். கயிறு இறுகக் கட்டிய பழைய கான்வாஸ் செருப்பே போதும், வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின், சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும் மூச்சுவேர் பாதத்தைக் குத்தாது. ஓத அட்டவணையைப் பார்க்காமல் படகு ஏறாதீர்கள். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், வாய்க்காலில் படகு தரைதட்டினால் அடுத்த ஏற்றம் வரை கொசுக்கடிதான். விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்வை முதுகலை முடித்த சூட்டோடு எழுதிவிடுங்கள். திட்ட உதவியாளர் பணியை நம்பித் திருமணம் நிச்சயிக்காதீர்கள், திட்டம் முடியும் மாதத்தில் சம்பளமும் முடியும். செடிகளின் பெயர் மட்டும் தெரிந்தால் இப்போது வேலை கிடைப்பதில்லை, செயற்கைக்கோள் படத்தைப் படிக்கவும் புள்ளியியலும் கற்றுக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் வாதாடாதீர்கள், குறைந்தபட்சம் கையொப்பம் வாங்கும் வரை. இன்னொன்று, பரங்கிக்கரை அவர்கள் எழுதியது போலக் கணக்கைக் குறை சொல்லிக்கொண்டே போனால், காட்டை வெட்ட வருகிறவனுக்கு அது வசதியாகிவிடும்.

பரங்கிக்கரை:

ஐயா, காட்டைக் காக்கக் காரணங்கள் பல இருக்கின்றன. இறாலும் நண்டும் போதும். தப்பான எண்ணை வைத்துக் காத்தால், அந்த எண் விழும் நாளில் காடும் விழும்.

கழிமுகத்தான்:

செருப்பைப் பற்றி நான் கேட்கவில்லை, ஆனாலும் நன்றி. உப்பளத்தான் கேட்காமல் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: நட்ட இடத்தின் உயரத்தை நான் அளந்திருக்கவே இல்லை. போன மாதம், கொத்தனார் ஒருவரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) இரவல் வாங்கிக்கொண்டு படகுக்காரருடன் திரும்பப் போனேன். தானாக முளைத்து வளர்ந்து நிற்கும் வெண்கண்டல்களில் கடலோரமாக இருந்த ஒன்றின் அடியில் ஒரு முனையையும், 214ஆம் குச்சியின் அடியில் மறுமுனையையும் பிடித்தோம். என் வரிசை 31 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அந்த அளவுக்கு ஓதம் இறங்கும் நேரம் அங்கே நாளில் மிகக் குறைவு, மூச்சுவிட வழியில்லாத இடத்தில்தான் நட்டிருக்கிறோம். அளந்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தகட்டைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன், இப்போது வகுப்பறை மேசை இழுப்பறையில் இருக்கிறது.