வீட்டில் படுத்தவர்களுக்கும் நடக்க முடியாத பிள்ளைகளுக்கும் சிகிச்சை தேடி அலைந்தவர்கள் எழுதுங்கள்

வேப்பம்பூ:
சித்தப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போய்விட்டது. ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் டிஸ்சார்ஜ். இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது என்று சொன்னவர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும் என்று சொல்லவில்லை. சித்தி வேளாவேளைக்குச் சோறு ஊட்டி, துடைத்துவிட்டு, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். மூன்றாவது வாரம் ஏதோ வாடை வருகிறதே என்று ஒருக்களித்துப் பார்த்தால் வால் எலும்புக்கு மேலே என் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப்புண், குழியாக. சித்தப்பாவுக்கு வலியே இல்லை. "என்னடா, எல்லாரும் என்னத்த பாக்குறீங்க?" என்று கேட்டார்.

மலைக்காடு:
என் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு பாதமும் உள்பக்கம் வளைந்திருந்தது. பாதத்தை மெல்ல மெல்ல நேராக்கும் பொன்செட்டி முறை, வாரம் ஒரு மாவுக்கட்டு, மொத்தம் ஆறு. ஒவ்வொரு வாரமும் விடியற்காலை பஸ், அன்றைய கூலி போச்சு, அதையெல்லாம் கூடச் சமாளித்துவிட்டோம். அப்புறம் கம்பி வைத்த ஷூ, முதல் மூன்று மாதம் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு நான்கு வயது வரை தூங்கும்போது போடணும். ராத்திரியெல்லாம் அழுகிறாளே என்று மாமியார் கழற்றிப் போட்டுவிட்டார், நானும் தடுக்கவில்லை. பாதம் மறுபடி வளைந்துவிட்டது. ஷூ சின்னதாகி குதிகாலில் கொப்புளம் வந்ததால்தான் அழுதிருக்கிறாள். பெரிய ஷூ மாற்றித் தருவார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஊர்நர்ஸ்:
வேப்பம்பூ தம்பி, சொல்லவில்லை என்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ராத்திரி ஷிப்டில் நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாக நின்றிருக்கிறேன், சொல்லித்தான் அனுப்புவோம், அந்தப் பதற்றத்தில் வீட்டுக்காரர்கள் காதில் ஏறாது. சரி, இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காற்றுப்படுக்கை வாங்குங்கள். தினமும் இடுப்பு, குதிகால், தோள்பட்டை மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள், சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்கவே வைக்காதீர்கள். உட்கார ஆரம்பித்தால் கால் மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைகளுக்குப் பெரும்பாலும் 40 சதவீதம் ஊனம் என்று சான்று வேண்டும். தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைதான்.

வேப்பம்பூ:
அக்கா, சித்தப்பா போன ஐப்பசியில் இறந்துவிட்டார். காதில் ஏறவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே. சித்திக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

செம்மண்:
அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம், ஏழு வயது. முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள், பெரியவர்கள் உட்காரும் அளவு. பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து விழுவான், அதனால் அதில் துணிதான் காய்ந்தது. உதவித்தொகை மாதம் 2000 ரூபாய் வருகிறது, ஆனால் பயிற்சிக்கு டவுன் போய்வர ஒரு தடவைக்கு ஆட்டோவே 600. போன வருடம் பிசியோ தம்பி ஒருத்தர் வீடு தேடி வந்தார். அக்காவிடம் இரண்டு பழைய சேலை கேட்டு வாங்கி, இறுக்கிச் சுருட்டி, விலாவுக்கு இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து, காலுக்குக் கீழே பலகை வைத்தார். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து வாசலில் மேய்ந்த கோழியைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தான். அதுவரை அவன் பார்த்ததெல்லாம் ஓட்டுக்கூரையைத்தான். இரண்டு மாதத்தில் அந்தத் தம்பி மாற்றலாகிப் போய்விட்டார், அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.