புதுப்பிப்பு: சிகிச்சை முடிந்து ஏழு மாதங்கள்

சாராயப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்று இலங்கையில் ஹட்டன் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய வாரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்துகொண்டே குடிக்காமல் வாழ முடியுமா என்று கேட்டிருந்தேன். அக்கறையோடு பதில் எழுதியவர்களுக்கு இப்போதைய நிலைமையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய இரவு ஒருமுறை தவறினேன். மறுநாளே மனைவியிடம் சொல்லி, கிளினிக்குக்கும் போனேன். அதன்பின் தொடவில்லை.

நான் அதிகம் அஞ்சியது சம்பள நாளைத்தான். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டாலும் கள்ளச்சாராயமான கசிப்பு லயத்தின் பின்புறத்துக்கே வந்துவிடும் என்பதால், கையில் காசில்லாமல் இருப்பதுதான் எனக்குக் காவல் என்று முடிவுசெய்து, சம்பளம் முழுவதையும் மனைவியின் வங்கிப் புத்தகத்தில் போட ஆரம்பித்தோம்.

கணவரை வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தச் செய்யலாமா என்று அன்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கை நடுக்கத்தால் என்னிடமிருந்து வாங்கி வைக்கப்பட்டிருந்த, தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியைக் கங்காணி அண்ணன் போன மாதம் திருப்பித் தந்தார். தண்ணீர் தேங்காதபடி வெட்டுச் சரிவாக விழ வேண்டும். முதல் செடியை வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது, அவர் அந்த வெட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த நிரையைக் காட்டினார்.