புதுப்பிப்பு: லேப்டாப் வாங்கியாச்சு, 16 ஜிபி போதவில்லை

நிரலாக்க வேலைக்கு 16 ஜிபி ரேம் போதுமா, 32 வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் 32 என்றீர்கள். நான்தான் கேட்காமல், எடை குறைவு, திரை அழகு என்று 16 ஜிபி மாடலை எடுத்தேன்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்ட உதவும் மென்பொருள்) டேட்டாபேஸையும் இரண்டு சர்வீஸையும் ஏற்றி, கூடவே ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்), பிரவுசரில் முப்பது டேப் என்று திறந்ததும், ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டாஸ்க் மேனேஜரில் ரேம் 94 சதவீதம்! விண்டோஸில் டாக்கருக்கு அடியில் ஓடும் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி), நாம் வரம்பு வைக்காவிட்டால் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 6 ஜிபி என்று வரம்பு வைத்தேன், ஓரளவு மூச்சு வந்தது.

சரி, ரேமையாவது கூட்டலாம் என்று கையேட்டைப் புரட்டினால் (வாங்கும் முன்பே புரட்டியிருக்க வேண்டும்) எல்லாம் மதர்போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியது, புது ரேமைச் செருக ஸ்லாட்டே கிடையாது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மட்டும் மாற்றலாம்.

திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. கனமானாலும் பரவாயில்லை, இரண்டு ரேம் ஸ்லாட் உள்ள மாடலுக்கு மாறப்போகிறேன். இந்தக் கீபோர்டை விடத்தான் மனசில்லை.