அட்வான்சுல வக்கீல் பீஸைப் பிடிச்சுக்கலாமா?

சத்துவாச்சாரி_வாசி: மூணு வருஷம் குடியிருந்த வீட்டை போன மாசம் காலி பண்ணோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000. வீட்டுக்காரர் 18,500 பிடிச்சுட்டு மீதியைக் கொடுத்தார். வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை போகும், அது வழக்கம், விடுங்க. பாக்கி 9,500க்கு நேரா ‘வக்கீல் செலவு’ன்னு துண்டுச்சீட்டுல எழுதியிருக்கார். கேஸே போடலை! ரெண்டு மாசம் வாடகை தள்ளிப்போனப்ப ஒரு நோட்டீஸ் வந்துச்சு, அந்த வாரமே கட்டிட்டேன். கேட்டா அக்ரிமென்ட்ல 14வது ஷரத்தைக் காட்டறார்: “தகராறு ஏற்படின் உரிமையாளரின் வக்கீல் கட்டணம் உள்பட சகல செலவுகளும் வாடகைதாரரையே சாரும்.” ஜெராக்ஸ் கடையில பழைய அக்ரிமென்ட்டை எடுத்து பேரை மாத்தி அடிச்சது. மூணாம் பக்கத்துல எனக்கு முன்னாடி இருந்தவர் பேர் இன்னும் அப்படியே இருக்கு.

காட்பாடி_ஓனர்: கையெழுத்து போட்டீங்களா இல்லையா? எங்க மாடி போர்ஷன்ல ஒருத்தர் ஏழு மாசம் வாடகை தரலை. கேட்டா “கோர்ட்டுக்குப் போங்க சார்”னு சிரிச்சார். கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ்னு அலைஞ்ச பெட்ரோல் காசுகூட திரும்பலை. அதுக்கப்புறம்தான் நானும் இந்த ஷரத்தைச் சேர்த்தேன். வாடகையை ஒழுங்கா கொடுக்கறவருக்கு இதனால என்ன நஷ்டம்?

பாகாயம்_பையன்: 60,000 வாங்கினதே சட்டவிரோதம். மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. புகார் கொடுங்க ப்ரோ.

வக்கீல்_குமாஸ்தா: தம்பி, பாதிதான் படிச்சிருக்கீங்க. 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017ஆம் வருஷத்துது) 11வது பிரிவுல மூணு மாசம்னுதான் சொல்லுது. ஆனா ‘வேறு உடன்பாடு இல்லாவிட்டால்’னு ஆரம்பிக்குது. எழுதிக் கையெழுத்து போட்டிருந்தா அந்த வாதம் நிக்கறது கஷ்டம்.

பிடித்தம்தான் இங்க விஷயம். அதே பிரிவு, காலி பண்ண ஒரு மாசத்துக்குள்ள வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழிச்சுட்டு அட்வான்சைத் திருப்பணும்னு சொல்லுது. வாடகை பாக்கி, கரண்ட் பில் எல்லாம் கணக்கு உள்ள பாக்கி. வக்கீலுக்கு இவரா கொடுத்ததா சொல்ற தொகையை யார் சரிபார்த்தா? ரசீது உண்டா? ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி, மீறினா இவ்வளவுன்னு தொகையையே எழுதி வெச்சிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இதுல தொகையே இல்லை.

காட்பாடி_ஓனர்: அப்ப நியாயமா நோட்டீஸ் அனுப்பினவன் கைக்காசைத்தான் போடணுமா? நல்ல சட்டம்.

வக்கீல்_குமாஸ்தா: அங்க உங்க கோவம் நியாயம்தான் சார். டெல்லியில ஒரு வாடகை வழக்கு, வாடகைதாரர் தோத்தார். வீட்டுக்காரர் தரப்பு வக்கீல் பீஸ் 45 லட்சத்துக்கு மேல. அதை முழுசா கட்டச் சொன்னது ஹைகோர்ட். 2011ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி, விதியில உள்ள செலவும், கூட 3,000 ரூபாயும் போதும்னுச்சு. பொய் வழக்குக்கான நஷ்டஈட்டுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 35ஏ வெச்ச உச்சவரம்பே அந்த 3,000தான். இன்னிக்கு ஒரு தடவை வக்கீலைப் பார்த்துட்டு வந்தாலே அது காலி. ஜெயிச்சவருக்கும் கை கடிக்கும், வாஸ்தவம். அதுக்காக நாமே கோர்ட்டாகி அட்வான்சுல கை வைக்க முடியாது.

ராணிப்பேட்டை_டு_கலிபோர்னியா: இங்கேயும் ஓனருக்கு மட்டும்னு எழுதறாங்க. ஆனா இங்கத்து சிவில் கோடு 1717வது பிரிவு இருக்கு: ஒருத்தருக்கு மட்டும்னு எழுதினாலும் ஜெயிக்கிற பக்கத்துக்கே அந்த உரிமை. எங்க ஓனர் அதைப் படிச்சுட்டு ஷரத்தையே எடுத்துட்டார்.

காட்பாடி_ஓனர்: கலிபோர்னியா கதை வேலூருக்கு எதுக்கு? இங்க 11 மாச அக்ரிமென்ட், அவ்வளவுதான்.

வக்கீல்_குமாஸ்தா: அந்த 11 மாசக் கதை, ஒரு வருஷத்துக்கு மேல போனாத்தான் பதிவு கட்டாயம்கற பதிவுச் சட்டத்துக்கு. புது வாடகைச் சட்டத்துல எத்தனை மாசமானாலும் எழுத்துல போட்டு, வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். பண்ணாத ஒப்பந்தத்தை சாட்சியமா எடுத்துக்கக் கூடாதுன்னு 4ஏ பிரிவு இருக்கு. 14வது ஷரத்தைக் காட்டணும்னா முதல்ல அந்தப் பேப்பரையே உள்ள விடணும். வாசி சார், உங்களுது பதிவாச்சா?

சத்துவாச்சாரி_வாசி: எங்க சார்! பீரோ லாக்கர்ல இருக்கு. இன்னிக்கு காலையில அவர்கிட்ட வக்கீல் பீஸ் ரசீது கேட்டேன். “நோட்டீஸ் எழுதினது என் மச்சான்தான்”னார்.

காட்பாடி_ஓனர்: மச்சான்னா சும்மா எழுதித் தரணுமா?