இன்ஸ்டாவில் சமைப்பவருக்கு விக்கிப்பீடியா கட்டுரை போடலாமா?

சுக்குக்காப்பி:
எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இன்ஸ்டாவில் சமையல் வீடியோ போடுகிறார், 8 லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி எழுதினேன், மறுநாளே நீக்கல் வார்ப்புரு, அதாவது 'இந்தக் கட்டுரையை நீக்கலாம்' என்ற அறிவிப்பு, ஒட்டிவிட்டார்கள். காரணம் 'குறிப்பிடத்தக்கமை இல்லை', அதாவது தனிக் கட்டுரை போடும் அளவுக்கு முக்கியமானவர் இல்லையாம். யாரும் கேள்விப்படாத பேராசிரியருக்கெல்லாம் கட்டுரை இருக்கும்போது இவருக்கு ஏன் கூடாது?

பழையசோறு:
8 லட்சத்தை மறந்துவிடுங்கள், அங்கே அது செல்லாது. அவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத யாராவது, நம்பகமான இடத்தில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். ஆந்திராவின் மஸ்தானம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள், நூறு வயதைத் தாண்டியும் விறகடுப்பில் சமைத்து யூடியூபில் பேர் வாங்கிய பாட்டி. 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது வெளிநாட்டு ஊடகங்கள்கூட எழுதின, அதை அவர் கேட்டு வாங்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனலும் அப்படித்தான். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சாப்பிட்டார், அதே ஆண்டு சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தொட்டார்கள், பத்திரிகைகள் தாமாகவே எழுதின. ஆனால் கவனியுங்கள், அங்கே செய்தியானது சேனல், அதனால் கட்டுரையும் சேனலுக்குத்தான் பொருந்தும், அதில் சமைக்கும் தாத்தாவுக்கும் பேரன்களுக்கும் தனித்தனியாக வேண்டியதில்லை.

சுக்குக்காப்பி:
நாளிதழின் இணைப்பிதழில் ஒரு பேட்டி, இணையதளங்களில் இரண்டு செய்தி, சமையல் குறிப்புகள் ஏழெட்டு வந்திருக்கின்றன. போதாதா?

மோர்மிளகாய்:
பேட்டியில் பேசுவது அவரேதான், தன்னைப் பற்றித் தானே சொன்னதை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும்? அந்த இணையச் செய்திகளின் அடியில் 'விளம்பரம்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், காசு கொடுத்தால் போடும் தளங்கள் ஏராளம். குறிப்புகளை விடுங்கள், சாம்பார் செய்முறை சாம்பாருக்குத்தான் சான்று. நானும் ஒருமுறை இப்படி ஏழு மேற்கோளோடு பெருமையாக எழுதினேன், அதில் ஆறு ரெசிபி!

கல்சட்டி:
விதி சரிதான், எனக்கு உறுத்துவது வேறு. வீட்டில் சமைக்கும் பெண்ணைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவதே குறைவு, குறிப்புக்குக் கீழே பெயர் வரும், அவ்வளவுதான். செஃப் தாமுவுக்கு டிவி உண்டு, 2025-இல் பத்மஸ்ரீயும் வந்தது, சான்றுக்கு என்ன பஞ்சம்? இவர்களுக்கு எங்கே போவது? அதற்காக விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, தளர்த்தினால் நாளைக்கே ஆயிரம் விளம்பரக் கட்டுரைகள் வந்து நிற்கும்.

சுக்குக்காப்பி:
சரி, இப்போதைக்கு மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகும் வரைவுப் பக்கத்தில், போட்டு வைக்கிறேன், யாராவது எழுதினால் பார்க்கலாம். அப்புறம் ஒன்று, அந்த அக்கா என் சித்தி மகள்தான். அது பிரச்சினையா?

மோர்மிளகாய்:
அதைத்தானய்யா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! நலமுரண் (எழுதப்படுபவரோடு சொந்த உறவு) இருக்கிறது என்று உங்கள் பயனர் பக்கத்தில் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.