ஆஃப்டர் வந்தாலே காம்ப்ளெக்ஸ் இல்லையா?

மல்லிப்பந்தல்:
பத்தாவது படிக்கிற மகளுக்கு ராத்திரியில நான்தான் இங்கிலீஷ் சொல்லித் தர்றேன். நானே தமிழ் மீடியம். வாக்கிய வகையில, ஒரு வாக்கியத்துல அண்ட், பட், ஸோ வந்தா காம்பவுண்ட், வென், இஃப், ஆஃப்டர் வந்தா காம்ப்ளெக்ஸ், ஒண்ணுமில்லேன்னா சிம்பிள். இதுதான் எனக்குத் தெரிஞ்சது. நேத்து டெஸ்ட்ல 'ஆஃப்டர் தி ரெயின், வீ வென்ட் ஹோம்' காம்ப்ளெக்ஸ்னு எழுதியிருக்கா. தப்பு. 'மை பிரதர் அண்ட் ஐ பாட் எ கைட்' காம்பவுண்ட்னு எழுதியிருக்கா. அதுவும் தப்பு. ரெண்டும் சிம்பிளாம். "நீ சொன்னதைத்தானே எழுதினேன்"னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. எங்கே கோட்டை விட்டேன்?

டியூஷன்தம்பி:
அக்கா, நடுவுல கமா வந்தா காம்ப்ளெக்ஸ். எங்க சார் சொன்னது.

பழைய வாத்தியார்:
தம்பி, அந்த முதல் வாக்கியத்துலயே கமா இருக்கே!

அம்மா, இணைப்புச் சொல்லைப் பார்க்காதீங்க, வினைமுற்றை எண்ணுங்க. தமிழ் மீடியம்கிறது இங்க உங்களுக்கு லாபம்தான். 'சாப்பிட்டுப் படுத்தான்'ல 'சாப்பிட்டு' எச்சம், 'படுத்தான்' முற்று. அதே கண்ணோட இங்கிலீஷைப் பாருங்க. 'ஆஃப்டர் தி ரெயின்'ல வினையே கிடையாது, ரெயின் வெறும் பெயர்ச்சொல். முற்று 'வென்ட்' ஒண்ணுதான், அதனால சிம்பிள். 'ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்ட்'னு மாத்தினா இன்னொரு முற்று வந்துடுது. ஆனா அந்தத் துண்டு தனியா நிக்காது, அதனால காம்ப்ளெக்ஸ். 'தி ரெயின் ஸ்டாப்ட் அண்ட் வீ வென்ட் ஹோம்'ல ரெண்டு பக்கமும் தனியா நிக்கும். காம்பவுண்ட்.

இதையே பரீட்சையில இப்படிப் புரட்டிப் போடுவாங்க:
'ஹி வாஸ் டூ வீக் டு வாக்' - சிம்பிள். 'டு வாக்' முற்று இல்ல.
'ஹி வாஸ் ஸோ வீக் தட் ஹி குட் நாட் வாக்' - காம்ப்ளெக்ஸ்.
'ஹி வாஸ் வெரி வீக், ஸோ ஹி குட் நாட் வாக்' - காம்பவுண்ட்.
'ஸோ' கடைசி ரெண்டுலயும் இருக்கு, பார்த்தீங்களா?

ஆனா தமிழ்ல மொழிபெயர்த்துட்டு எண்ணாதீங்க. 'மழை நின்னதும்' நமக்கு எச்சம், அங்க 'ஸ்டாப்ட்' முற்று.

மல்லிப்பந்தல்:
எச்சம், முற்றுன்னதும் பளிச்சுனு புரிஞ்சுது சார். அப்ப 'ஷி கேம் இன் அண்ட் சாட் டவுன்'? முற்று ரெண்டு இருக்கே. மக கேக்கிறா.

பழைய வாத்தியார்:
மடக்கிட்டாளே! எழுவாய் ஒண்ணு, அதுக்கு ரெண்டு பயனிலை, அதனால சிம்பிள். எழுவாயும் முற்றும் சேர்ந்த ஜோடியை எண்ணுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். 'ஷி கேம் இன் அண்ட் ஷி சாட் டவுன்'னா ஜோடி ரெண்டு, அப்ப காம்பவுண்ட்.